டாலஸ், 1963: அந்த வண்டி ஏன் அத்தனை மெதுவாகப் போனது?

#1 லாந்தர்

கென்னடியைச் சுட்டது யார் என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டே அறுபது வருஷம் ஓடிவிட்டது. என் கேள்வி அந்த வண்டியைப் பற்றியது.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, பகல் 12.30. அமெரிக்க அதிபர் கூரையில்லாத லிங்கன் காரில், மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வேகத்தில் டீலி பிளாசாவைக் கடக்கிறார். சைக்கிளைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முந்திவிடலாம். மெயின் ஸ்ட்ரீட்டில் நேராக வந்த ஊர்வலம் வலப்பக்கம் ஹூஸ்டன் ஸ்ட்ரீட்டில் திரும்புகிறது. ஒரு பிளாக் தாண்டியதும் இடப்பக்கம் எல்ம் ஸ்ட்ரீட்டுக்குள் ஒடித்துத் திரும்புகிறது. சாதாரண முச்சந்தித் திருப்பம் இல்லை, ஏறக்குறைய 120 டிகிரி. திரும்புகிற முனையிலேயே பாடப்புத்தகக் கிடங்கு நிற்கிறது. அதன் ஆறாவது மாடியில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. (அமெரிக்கக் கணக்கில் ஆறாவது. தரைத்தளத்தை விட்டு எண்ணும் நம் கணக்கில் ஐந்தாவது மாடி.)

மெயின் ஸ்ட்ரீட்டிலேயே நேராகப் போயிருந்தால் வண்டி அந்தக் கட்டடத்துக்குக் கீழே ஊர்ந்திருக்காது. அந்த வளைவு எதற்கு? யாருக்காவது தெரியுமா?

#2 பிளேனோவாசி

அந்த இடத்திலிருந்து அரை மணி நேர கார் பயணத்தில்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிற இடம் என்பதால் பத்துப் பதினைந்து தடவை பார்த்தாயிற்று.

வளைவுக்குக் காரணம் ரொம்பச் சப்பென்று இருக்கும். மதிய விருந்து டிரேட் மார்ட்டில். அங்கே போக ஸ்டெம்மன்ஸ் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். ஏறும் பாதை எல்ம் ஸ்ட்ரீட்டிலிருந்துதான் பிரிகிறது. மெயினிலிருந்து அதற்குள் நுழைய முடியாதபடி நடுவில் ஒரு கான்கிரீட் தடுப்பு இருந்தது. கார்களுக்கு அதன் மேல் ஏறி இறங்குவது சிரமம், பின்னால் பத்திரிகைக்காரர்களின் பஸ் வேறு வருகிறது. ஆக, எந்த வண்டிக்காரரும் போகிற வழியில்தான் அவர்களும் போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கும்போது பெரிய மைதானம் மாதிரி தெரியும் அந்த இடம், நேரில் போனால் கைக்குட்டை அளவுதான். அம்மாவைக் கூட்டிப்போனபோது சன்னலையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிட்டவா? தலைமுடியே தெரிஞ்சிருக்குமேடா" என்றார். கடைசிக் குண்டு போன தூரம் 265 அடி, அதாவது 81 மீட்டர். எங்கள் ஊரில் தேர் நிலையிலிருந்து கோயில் வாசல் அதைவிடத் தூரம். ரோடும் அங்கே பாலத்தை நோக்கி இறக்கமாக, சன்னலுக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் விலகிப் போகிறது. துப்பாக்கியை இப்படி அப்படித் திருப்பவே வேண்டியதில்லை.

ரோட்டில் யாரோ வெள்ளைப் பெயின்டில் எக்ஸ் குறி போட்டு வைத்திருப்பார்கள். 50-ஆவது நினைவு நாளுக்கு முன்னால் 2013-இல் நகராட்சி அதை எடுத்துப் பார்த்தது, திரும்ப முளைத்துவிட்டது. சிக்னல் விழுந்ததும் சுற்றுலாக்காரர்கள் நடுரோட்டுக்கு ஓடி அதன் மேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அம்மா மட்டும் அதை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

#3 ஓய்வு ஓட்டுநர்

லாந்தர் தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறதே என்று சந்தோஷம். நான் காவல் துறையில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினோரு வருஷம் வி.ஐ.பி. கான்வாயில் எஸ்கார்ட் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

பந்தோபஸ்து போடும்போது நாங்கள் பயப்படுவது மூன்று இடத்துக்கு: வளைவு, பாலம், வண்டியை விட்டு இறங்கும் வாசல். வளைவில் எப்பேர்ப்பட்ட வண்டியும் நின்ற மாதிரிதான். அதனால் முதல் நாளே அந்த முனையில் இருக்கும் மொட்டை மாடிக்கெல்லாம் ஆள் ஏற்றிவிடுவோம். சன்னலைச் சாத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கெஞ்சியதும் உண்டு, அதட்டியதும் உண்டு.

டாலஸில் அது நடக்கவில்லை. ஊர்வலப் பாதையில் இருக்கும் கட்டடங்களைச் சோதிப்பது அப்போது அதிபருக்குக் காவல் பார்க்கும் சீக்ரெட் சர்வீஸின் வழக்கமே இல்லை. விருந்து நடக்கும் மண்டபத்தை அலசியிருக்கிறார்கள். வழியில் இருக்கும் ஆயிரக்கணக்கான சன்னல்களைக் கூட்டத்தைப் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த லிங்கனும் லேசுப்பட்ட வண்டி இல்லை. நடுவில் வெட்டி நீட்டி, ஏறக்குறைய 21 அடி நீளம், மூன்றரை டன் எடை. வளைவு முடிந்து இறக்கத்தில் சும்மா உருண்டுகொண்டிருக்கும் அதை மிதித்த உடனே பாயச் சொன்னால் பாயாது.

#4 சந்தேகப்பிராணி

எல்லாரும் இத்தனை வெள்ளந்தியாக இருக்கிறீர்களே. பாதையைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அன்று காலைப் பேப்பரில் வந்த வரைபடத்தில் ஊர்வலம் மெயின் ஸ்ட்ரீட்டில் நேராகத்தான் போகிறது, தேடிப் பாருங்கள். காரின் மேல்மூடியைக் கழற்றினார்கள். பின் பம்பர் படியில் நிற்க வேண்டிய காவலர்கள் நிற்கவில்லை. இதெல்லாம் தற்செயலா?

#5 பழையபேப்பர்

சந்தேகப்பிராணி சார், வரைபடம் உண்மை. ஆனால் அது நகரம் முழுவதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்த படம், அதில் ஒரு பிளாக் வளைவு விழாது. நவம்பர் 19-ஆம் தேதி டாலஸின் இரண்டு பேப்பர்களிலும் மெயின், ஹூஸ்டன், எல்ம் என்று தெருத் தெருவாகப் பாதை அச்சாகியிருக்கிறது. மூன்று நாள் முன்பே ஊருக்கே தெரியும்.

மேல்மூடி வெறும் பிளாஸ்டிக். மழைக்குத்தான், குண்டுக்கு இல்லை. காலையில் தூறல் நின்று வெயில் வந்ததும் எடுத்துவிட்டார்கள். அது இருந்திருந்தால் குறி கொஞ்சம் தடுமாறியிருக்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத தேதி ஒன்றைச் சொல்கிறேன். கென்னடியைச் சுட்டதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்ட் அந்தக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16. விருந்து டிரேட் மார்ட்டில்தான் என்று முடிவானது நவம்பர் 14. வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? அவன் மனைவி தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டில் காபி குடிக்கப் போனபோது, "என் தம்பி வேலை பார்க்கிற இடத்தில் ஆள் எடுக்கலாம்" என்று ஒரு பெண் சொன்ன பேச்சுதான். திட்டம் போட்டவர்கள் அந்தக் காபியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

#6 சந்தேகப்பிராணி

சரி, அதை விட்டுவிடுகிறேன். அன்று எடுத்த படத்தில் அதிபரின் தலை பின்னாலும் இடப்பக்கமுமாகச் சாய்கிறதே, அது? பின்னாலிருந்து சுட்டால் முன்னால்தானே சாய வேண்டும்? அப்புறம் ஒரே குண்டு அதிபர், அதே காரில் இருந்த ஆளுநர் கானலி என்று இரண்டு பேருக்குள் புகுந்து ஏழு காயம் உண்டாக்கிவிட்டு, பெரிதாகச் சிதையாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்த கதை?

#7 எட்டு எம்எம்

இந்த இடத்தில் நான் வந்தே ஆக வேண்டும். அப்பா காலத்து ஸ்டூடியோ எங்களுடையது. 8 எம்எம் புரொஜெக்டர் ஒன்று இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது.

நாம் இத்தனை நேரம் பேசும் அந்த 18 கிலோமீட்டர் வேகக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஒரு தையல் கம்பெனி முதலாளியின் பொழுதுபோக்கு கேமராவிலிருந்து. ஆபிரகாம் சப்ரூடர் அன்று காலை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அலுவலகத்தில் உதவியாளர் வற்புறுத்தியதால் திரும்பப் போய் எடுத்து வந்தார். உயரமான இடத்தில் நின்றால் தலை சுற்றும் என்பதால், கான்கிரீட் மேடை மேல் அவர் நிற்க, வரவேற்பாளர் பெண் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா, நொடிக்குச் சராசரி 18.3 பிரேம். மொத்தம் 486 பிரேம், 26 நொடிக்குக் கொஞ்சம் மேல். அதிபரின் உயிரைப் பறித்த குண்டு 313-ஆவது பிரேமில் தெரிகிறது.

ஒவ்வொரு பிரேமும் நொடியில் பதினெட்டில் ஒரு பங்கு. பின்னணியில் இருக்கும் கம்பத்தையும் நடைபாதையையும் வைத்து, இந்தப் பிரேமிலிருந்து அந்தப் பிரேமுக்குள் வண்டி எத்தனை அடி நகர்ந்தது என்று அளக்கலாம். அப்படி அளந்துதான் வேகம் சொன்னார்கள். அந்தக் கேமரா ஒரு கடிகாரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலை சாய்வு விஷயம்: 312-க்கும் 313-க்கும் நடுவில் தலை முதலில் கொஞ்சம் முன்னால்தான் நகர்கிறது, அப்புறம்தான் பின்னால் சாய்கிறது. ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குப் படாது, பிரேம் பிரேமாக நிறுத்தினால் தெரியும். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ், பழத்தைச் சுற்றி டேப் ஒட்டித் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். பல பழங்கள் துப்பாக்கி இருந்த பக்கமே திரும்பி உருண்டன. குண்டு வெளியேறும்போது உள்ளே இருப்பது முன்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கிறது, மிச்சம் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. 1976-இல் கட்டுரையாகவே எழுதினார். இதை எல்லாரும் ஏற்கவில்லை, நரம்பு இழுப்பு என்று சொல்பவர்களும் உண்டு.

ஒரே குண்டு விஷயத்தில், இணையத்தில் சுற்றும் அந்தக் கோணல்மாணல் கோட்டுப் படத்தை நம்பாதீர்கள். ஆளுநர் கானலி அதிபருக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் உட்கார்ந்திருப்பது போலப் போட்டிருப்பார்கள். அவர் உட்கார்ந்தது மடக்கு இருக்கை. அதிபரின் இருக்கையைவிடத் தாழ்வு, கதவிலிருந்து உள்ளே தள்ளியும் இருந்தது. உடம்பையும் வலப்பக்கம் திருப்பியிருந்தார். இத்தனையையும் சரியாக வைத்தால் கோடு நேராகிறது. ஆனால் கானலி கடைசிவரை தன்னைத் தாக்கியது வேறு குண்டு என்றே சொன்னார். அதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்தச் சுருளை லைஃப் பத்திரிகை 1,50,000 டாலருக்கு வாங்கியது. 313-ஐ வெளியிட வேண்டாம் என்று சப்ரூடர் கேட்டுக்கொண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஓடியது 1975-இல்தான். பன்னிரண்டு வருஷம் ஒரு படத்தைப் பூட்டி வைத்தால் சந்தேகம் குட்டி போடாமல் என்ன செய்யும்?

#8 ஓய்வு ஓட்டுநர்

எட்டு எம்எம் தம்பி, இரண்டு பேரையும் துளைத்த குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவே எத்தனை நொடி?

#9 எட்டு எம்எம்

ஏறக்குறைய ஐந்து, ஐயா.

#10 ஓய்வு ஓட்டுநர்

ஐந்து நொடி என்றால் எங்கள் தொழிலில் ரொம்பப் பெரிய நேரம்.

சத்தம் கேட்டதும் முதல் நொடியில் எவனுக்கும் துப்பாக்கி என்று தோன்றாது. பட்டாசு, இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் சைலன்சர். டாலஸிலும் பல பேர் அப்படித்தான் நினைத்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை எங்கள் கான்வாயில் பின் வண்டி டயர் வெடித்தது. முன்னால் ஓட்டிய நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன், ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. அன்று சாயங்காலம் அதிகாரியிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் கேட்டால் பார்க்காதே, மிதி. இதுதான் பாடம்.

அந்த டிரைவர் வில்லியம் கிரீருக்கு அப்போது 54 வயது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தக் கடைசி நொடிகளில் வண்டி வேகம் எடுக்கவில்லை, குறையக்கூடச் செய்தது. குண்டு பட்ட பிறகுதான் பறந்தது. அவரைத்தான் கொலைகாரர் என்று சொல்லும் கிறுக்குத்தனமான வீடியோ ஒன்றும் சுற்றுகிறது, அதை விடுங்கள். ஆனால் அந்த ஐந்து நொடியை அவர் எப்படிச் சுமந்திருப்பார் என்று யோசிப்பேன். குறை சொல்ல வாய் வரவில்லை எனக்கு.

#11 நெல்லை கென்னடி

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சான்றிதழிலேயே அதுதான் பெயர். 1964 ஜனவரியில் பிறந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் மூன்று கென்னடி. வாத்தியார் உயரத்தை வைத்து நெட்டைக் கென்னடி, குட்டைக் கென்னடி, நடுக் கென்னடி என்று கூப்பிடுவார். நான் நடு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டாலஸில் பகல் 12.30 என்றால் நமக்குச் சரியாக நள்ளிரவு 12. நவம்பர் 23 பிறக்கும் நொடி. அப்பா மறுநாள் சனிக்கிழமை டீக்கடை ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார். அதே 22-ஆம் தேதிதான் காஷ்மீரில் பூஞ்ச் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்து நம் ராணுவத்தின் பெரிய அதிகாரிகள் ஒட்டுமொத்தமாக இறந்தார்கள். ரேடியோவில் இரண்டு சாவுச் செய்தியும் அடுத்தடுத்து வந்தன. எது எந்த நாட்டில் நடந்தது என்று கடையில் பாதிப் பேருக்குப் புரியவில்லையாம்.

#12 சந்தேகப்பிராணி

நடுக் கென்னடி அண்ணாச்சி, வணக்கம். :)

பழையபேப்பர் சார், கடைசியாக ஒன்று. ஒளிக்க ஒன்றும் இல்லை என்றால் எதற்கு இத்தனை வருஷம் கோப்புகளைப் பூட்டி வைத்தார்கள்? போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஜாக் ரூபி என்கிற நைட் கிளப் முதலாளி வந்து ஆஸ்வால்டைச் சுட்டு வாயை அடைத்தானே?

#13 பழையபேப்பர்

ஒளித்தார்கள். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆஸ்வால்ட் நவம்பரில் டாலஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்கே போய் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவன் செத்த அன்றே, மேலிடம் சொன்னதன் பேரில், அவன் விவகாரத்தைக் கவனித்துவந்த ஏஜென்ட் அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார். 1975-இல்தான் வெளியே வந்தது. அதேபோல, காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டம் போட்டதை, கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனுக்குச் சொல்லவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில் சி.ஐ.ஏ. தலைவராக இருந்த ஆலன் டல்லஸ் கமிஷனிலேயே உறுப்பினர். வாயைத் திறக்கவில்லை. 888 பக்க அறிக்கை, 26 தொகுதிச் சாட்சியங்கள், நடுவில் இப்படி ஒரு ஓட்டை.

உடலை எடுத்துப்போன விதத்தைப் பாருங்கள். அதிபரைக் கொல்வது அப்போது மத்திய அரசின் சட்டப்படி தனிக் குற்றமே இல்லை, 1965-இல்தான் சட்டம் வந்தது. டெக்சாஸ் சட்டப்படி பிரேதப் பரிசோதனை டாலஸில் நடக்க வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் உள்ளூர் மருத்துவ அதிகாரி வழிமறிக்க, சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் தள்ளிக்கொண்டு சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றினார்கள். பரிசோதனை பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் நடந்தது. துப்பாக்கிக் காயங்களில் பழக்கமே இல்லாதவர்கள் தலைமையேற்றார்கள். அன்று விதைத்ததைத்தான் இன்றுவரை அறுக்கிறார்கள்.

1979-இல் நாடாளுமன்றக் கமிட்டி, சதி இருந்திருக்கலாம் என்று எழுதியது. அடிப்படை ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் மைக்கில் பதிவான ஒலி. 1982-இல் அறிவியல் கழகக் குழு அதைக் கேட்டுவிட்டு, அந்த ஒலிகள் சுட்டு முடிந்து ஒரு நிமிஷம் கழித்துப் பதிந்தவை என்றது. 2025 மார்ச்சில் மிச்சக் கோப்புகளில் பெரும்பகுதியைத் திறந்தார்கள். இரண்டாவது ஆள் ஒருவரும் வெளியே வரவில்லை. உளவுத் துறையின் பழைய வண்டவாளங்கள்தான் வந்தன.

ரூபி: ஆஸ்வால்டை 10 மணிக்கு மேல் மாற்றுவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நேரமாகிவிட்டது. 11.17-க்கு ரூபி பக்கத்துத் தெருவில் தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 25 டாலர் தந்தி மணியார்டர் அனுப்பி ரசீது வாங்குகிறார். 11.21-க்குச் சுடுகிறார். செல்ல நாயை காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கூலிக்குக் கொல்லப் போகிறவன் தபால் வேலையை முடித்துவிட்டு, நாயையும் கூட்டிக்கொண்டா வருவான்?

#14 சந்தேகப்பிராணி

நாய் விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். அதற்காக மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

#15 லாந்தர்

வண்டிக்குத் திரும்புவோமா? எனக்கு மனசு ஆறாதது இதுதான்: டாலஸ் முதல் தடவை இல்லை. 1934 அக்டோபர் 9, பிரான்சின் மார்செய். யுகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் கப்பலிலிருந்து இறங்கிச் சில நிமிஷம்தான். திறந்த கார், நடக்கிற வேகம். கூட்டத்திலிருந்து ஓடிவந்தவன் கார்ப் படியில் ஏறி நின்று சுட்டான். அதுவும் படமாகப் பதிவாகியிருக்கிறது. கூட இருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லூயி பார்த்தூ, போலீஸ்காரரின் குண்டு பட்டு இறந்தார் என்பது பல வருஷம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

டாலஸுக்கு ஒரு வருஷம் முன்பு, 1962 ஆகஸ்ட் 22, பாரிஸ் ஓரத்தில் பெத்தி கிளமார். பிரெஞ்சு அதிபர் டி கோல் போன சித்ரோயன் கார் மேல் இயந்திரத் துப்பாக்கியால் பொழிந்தார்கள். இரண்டு டயர் போயிற்று, கண்ணாடி நொறுங்கியது. உள்ளே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் பார்த்த பிறகும் டாலஸில் திறந்த காரா?

#16 ஓய்வு ஓட்டுநர்

டி கோல் விமானம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். டிரைவர் மிதித்தார், மூடிய வண்டி பறந்தது. கென்னடி ஓட்டுக்கு முகம் காட்டப் போனார். அடுத்த வருஷம் தேர்தல், டெக்சாஸில் கட்சிக்குள்ளே சண்டை. தலைவர் கண்ணாடியை இறக்கு என்றால் நாங்கள் இறக்கித்தான் ஆக வேண்டும். மெதுவாகப் போ என்றால் மெதுவாகத்தான். ஊர்வலம் என்பதே மெதுவாகப் போவதற்குத்தானே?

#17 பிளேனோவாசி

பின் வண்டியின் படியிலிருந்து குதித்து ஓடிவந்த சீக்ரெட் சர்வீஸ் காவலர் கிளின்ட் ஹில் 2025 பிப்ரவரியில் காலமானார், 93 வயது. படத்தில் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கார் பின்பக்கம் ஏறும்போது அவரைத் திரும்ப உள்ளே தள்ளுபவர் அவர்தான். அரை நொடி முந்தியிருந்தால் அந்தக் குண்டைத் தான் வாங்கியிருக்கலாம் என்று 1975-இல் தொலைக்காட்சியில் சொல்லிக் கலங்கினார். 1990-இல் டீலி பிளாசாவுக்கு வந்து, நடந்து, அளந்து பார்த்துவிட்டு, தன்னால் முடிந்திருக்காது என்று ஓரளவு சமாதானமானாராம்.

அந்த லிங்கன் இப்போது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது, போய்ப் பார்த்தேன். உடனே ஓரம் கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. இரும்புத் தகடு அடித்து, நிரந்தரக் கூரை போட்டு, 1964-லேயே வெள்ளை மாளிகைக்குத் திரும்ப அனுப்பினார்கள். ஜான்சன் நீல நிறத்தைக் கருப்பாக்கச் சொன்னார். 1977 வரை ஓடியது.

#18 ஓய்வு ஓட்டுநர்

அதே வண்டியையா?

பின்சீட்டில் உட்கார்ந்தவர்களை விடுங்கள். முதல் நாள் காலையில் அதில் ஏறி, கண்ணாடியைச் சரிபண்ணி, சாவியைத் திருப்பிய டிரைவர் யார் என்று அங்கே எங்காவது எழுதியிருந்ததா தம்பி?

#19 பிளேனோவாசி

இல்லை, ஐயா. பலகையில் அதிபர்கள் பெயர் மட்டும்தான் கண்ணில் பட்டது. அடுத்த முறை போகும்போது கேட்டுச் சொல்கிறேன்.